தெருவா, ஏரியா? ஔலுவில் ஒரு பனிக்கால சைக்கிள் விடுமுறை

சின்ன வயதில் நானும் தங்கையும் ஏரிக்குள் சைக்கிள் ஓட்டியிருக்கிறோம். சித்திரை வெயிலில் ஊர் ஏரி வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, மணிக்கு ஒரு ரூபாய் வாடகை சைக்கிளில். இப்போது அவள் குடும்பத்தோடு நெதர்லாந்தில், ஐந்தோவனில் இருக்கிறாள். நான் பின்லாந்தின் வடக்கே, ஔலுவில். போன மாதம் போனில் கேட்டாள்: "அண்ணா, லீவுக்கு அங்கே வரலாம்னு இருக்கோம். பசங்களுக்குப் பனியில சைக்கிள் ஓட்டணுமாம். உறைஞ்ச ஏரி மேலகூட ஓட்டலாமாமே, நிஜமா?"

ஒரே கேள்விதான் கேட்டதாக அவள் நினைப்பு. எண்ணிப் பார்த்தால் நான்கு: எப்போது வருவது, தெருவில் ஓட்டுவதா ஏரியிலா, எந்த வண்டியில், சின்னவளை என்ன செய்வது. பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 4. மாப்பிள்ளை தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறவர். பழக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் வருபவர்கள்தான் பனியில் முதலில் விழுவார்கள். நானும் அப்படித்தான் விழுந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தைச் சிக்கல். தமிழில் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி, இமயமலை உச்சியில் கிடப்பதும் பனி. சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இந்தத் தாராளம் ஆகாது. வானத்திலிருந்து விழுந்து கிடப்பதைப் பனி என்றும், தண்ணீர் உறைந்து இறுகியதை ஐஸ் என்றும் இங்கே சொல்லிக்கொண்டு போகிறேன். இரண்டுக்கும் டயர் வேறு, பிரேக் பிடிக்கும் விதம் வேறு, விழுந்தால் வரும் வலியும் வேறு.

கிறிஸ்துமஸா, பிப்ரவரியா

அவர்களுக்கு இரண்டு லீவு: கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒன்று, பிப்ரவரிக் கடைசியை ஒட்டி ஒன்று. படங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் கிறிஸ்துமஸைத்தான் கேட்பார்கள். ஆனால் அப்போது ஔலுவில் பகல் மூன்றரை மணி நேரம்தான். காலை பத்தரை மணிவாக்கில் சூரியன் எட்டிப் பார்த்து, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் போய்விடும். குழந்தைகளைச் சாப்பிடவைத்து, ஐந்து அடுக்கு துணி மாட்டி, வாசலுக்கு வருவதற்குள் பொழுது சாய ஆரம்பித்திருக்கும். பிப்ரவரிக் கடைசியில் பகல் ஒன்பதரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

"பிப்ரவரியில் குளிர் அதிகமாமே?" என்றாள். அதிகம்தான். ஆனால் சைக்கிளுக்கு அதிகக் குளிர் நல்லது. பூஜ்யத்தை ஒட்டிய நாளில் ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். சோப்பு போட்டுக் கழுவிய தரை மாதிரி, அதைவிட வழுக்கல் வேறில்லை. மைனஸ் 10-இல் பனி உலர்ந்து, மிதித்தால் மாவு மூட்டையை அழுத்தியதுபோல் நறநறக்கும், டயரும் நன்றாகப் பிடிக்கும். நான் விழுந்தது மைனஸ் 20-இல் இல்லை. பூஜ்யத்தில் மழை தூறிய ஒரு நவம்பர் காலையில், வீட்டிலிருந்து நூறு மீட்டர்கூடப் போகாமல். இடுப்பு இரண்டு வாரம் நீலமாக இருந்தது.

ஏரிக்கும் பிப்ரவரிதான். டிசம்பரில் ஐஸ் புதிது, தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பிப்ரவரிக் கடைசிக்குள் இந்தப் பக்கத்து ஏரிகளில் அரை மீட்டரை ஒட்டி ஐஸ் கட்டியிருப்பது வழக்கம். மார்ச் பிற்பகுதியில் வர முடிந்தால் இன்னொரு லாபம் உண்டு. பகல் வெயிலில் மேல்பனி இளகி, இரவில் மறுபடி இறுகி, காலை நேரத்தில் ஆளையே தாங்கும் ஓடாகிவிடும். ஃபின்னிஷ் மொழியில் இதை ஹங்கிகாந்தோ என்பார்கள். அந்தக் காலைகளில் பாதையே தேவையில்லை, வெட்டவெளியில் சாதாரண சைக்கிளே ஓடும். வெயில் ஏறியபின் அதே இடத்தில் முழங்கால்வரை புதைவோம், அதனால் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

தெரு

ஔலு சைக்கிள் ஊர். பனிக்கால சைக்கிள் மாநாடு என்ற ஒன்று உலகத்தில் முதன்முதலாக 2013-இல் நடந்தது இங்கேதான். சைக்கிள் பாதைகள் பெரும்பாலும் கார் சாலையைத் தொடாமல் தனியாக ஓடும், பெரிய சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்கப்பாதையாகப் போய்விடும். பனி பெய்த இரவில் விடியும் முன்பே வழிக்கும் வண்டி வந்துவிடும். தரை தெரியும்வரை சுரண்டமாட்டார்கள், ஒரு அடுக்கை இறுக்கமாக விட்டுவைப்பார்கள். அதன்மேல் கோடு கோடாகக் கீறல் இருக்கும், அதுதான் டயருக்குப் பிடிப்பு. பள்ளிப் பிள்ளைகள் மைனஸ் 15-இலும் இதில் போய்வருகிறார்கள்.

தெற்கே ஹெல்சிங்கியில் கதை வேறு. அங்கே குளிர் பூஜ்யத்தைச் சுற்றியே ஏறி இறங்குவதால் உப்பும் சரளைக்கல்லும் போடுகிறார்கள். உப்பும் பனியும் கலந்து பழுப்புக் கூழாகிவிடும். லோஸ்கா என்று அதற்கு ஒரு பெயர், சொல்லும்போதே முகம் சுளிக்கும். செயின் துருப்பிடிக்கும், சேறு மாதிரி உடையெல்லாம் தெறிக்கும். பனியில் சைக்கிள் ஓட்டத்தான் விடுமுறை என்றால் ஹெல்சிங்கியோடு நிற்காமல் வடக்கே வந்துவிடுவது நல்லது.

தெருவின் பெரிய சாதகம், வேண்டாம் என்று தோன்றியதும் நிறுத்திவிடலாம். கை விறைத்தால் ஒரு கடைக்குள் நுழையலாம், அழுகிற குழந்தையைப் பஸ்ஸில் ஏற்றலாம். இறுகிய பனியில் விழுந்தால் துணியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். இது சாதாரண விஷயம்போல் தோன்றும், பிள்ளைகளோடு வெளியே போய் நின்றால்தான் அருமை தெரியும்.

சட்டம் எளிது. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நடைபாதையிலும் ஓட்டலாம் என்பதால் பெரியவனுக்குக் கவலையில்லை. காட்டுப்பக்கம் போனால் பனிச்சறுக்குக்கென்று வரி வரியாகப் போட்டிருக்கும் தடத்தில் மட்டும் சக்கரத்தை விட்டுவிடக்கூடாது. அந்த வரிகளை மிதித்தால் இங்கே சாதுவான ஆட்களுக்கும் கோபம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது.

ஏரி

இதற்காகத்தான் வருகிறார்கள், இதில்தான் எனக்குத் தயக்கம். ஆசை புரிகிறது. கண்ணுக்கெட்டியவரை சமதளம், ஒரு வண்டி இல்லை, குளிர் ஏறும்போது அடியிலிருந்து 'டூம்' என்று எங்கோ இடி உருளுவதுபோல் சத்தம் வரும். முதல் தடவை கேட்டால் உயிர் போய்விடும். குளிரும் சூடும் மாறும்போது ஐஸ் சுருங்கி விரிகிற சத்தம் அது. தடித்த ஐஸ் இப்படித்தான் பேசும்.

முதல் சிக்கலை யாரும் யோசிப்பதில்லை. கண்ணாடிபோன்ற ஐஸில் சைக்கிள் ஓட்டும் படங்கள் பலவும் பனி விழுவதற்கு முந்தைய சில நாட்களில் எடுத்தவை, அதாவது ஐஸ் மெல்லிதாக இருக்கும்போது. இல்லாவிட்டால் பைக்கால் ஏரியில் எடுத்தவை. அங்கே காற்று பனியைப் பெருக்கித் தள்ளிவிடும், ஐஸும் ஒரு மீட்டரை எட்டும். பின்லாந்து ஏரிமேல் பிப்ரவரியில் ஒரு சாண் பனி கிடக்கும். அதில் சாதாரண சைக்கிள் பத்தடிகூடப் போகாது. யாராவது வழித்த பாதை வேண்டும், இல்லாவிட்டால் இறுகிய தடம் வேண்டும். இறுகிய தடம் என்றால் பெரும்பாலும் மோட்டார் சறுக்குவண்டிகள் போன தடம். அவை வருகிற வேகத்தில் பிள்ளைகளை அங்கே விடமாட்டேன்.

இரண்டாவது சிக்கலை நான் அனுபவித்தே கற்றேன். நிறையப் பனி விழுந்தால் அதன் பாரத்தில் ஐஸ் தாழும், விரிசல் வழியே தண்ணீர் மேலேறிப் பனிக்கு அடியில் கூழாக நிற்கும். மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒன்றும் தெரியாது. ஐஸ் உடையவில்லை, மூழ்கவும் மாட்டோம். ஆனால் மைனஸ் 12-இல் சக்கரம் அதில் இறங்கி, காலை ஊன்றி, ஷூவுக்குள் தண்ணீர் போன பிறகு கரைவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த இரண்டு கிலோமீட்டர் எனக்கு மறக்காது. சக்கரத்தில் ஒட்டிய கூழ் அங்கேயே உறைந்து பிரேக்கும் போய்விட்டது. அன்று கூட 4 வயதுக் குழந்தை இருந்திருந்தால் என்ற நினைப்புதான் இந்தப் பக்கம் முழுவதையும் எழுதவைக்கிறது.

சரி, தடிமன். ஒரு ஆள் நடக்க, தெளிந்த உறுதியான ஐஸ் குறைந்தது 5 செண்டிமீட்டர் வேண்டும் என்பது பின்லாந்தில் சொல்லும் கணக்கு. ஸ்வீடனில் 10 என்பார்கள், கனடாவில் செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது. குடும்பத்தோடு போகிறவன் இதில் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தாங்கும் திறன் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 10 செண்டிமீட்டர் 20 ஆனால் பாரம் இரட்டிப்பல்ல, நாலு மடங்கு தாங்கும். பாதியாகக் குறைந்தால் கால்வாசியாகிவிடும் என்பதும் அதே கணக்குதான். கறுப்பாகத் தெரியும் தெளிந்த ஐஸை இங்கே 'எஃகு ஐஸ்' என்றே சொல்வார்கள். பனியும் தண்ணீரும் கலந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குக் கோஹ்வா என்று பெயர், அதற்குப் பாதி மதிப்புதான். துளை போட்டு 20 செண்டிமீட்டர் கண்டு, அது முழுக்க வெள்ளை என்றால் மனதில் 10 என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு குளிர்ந்தாலும் நம்பக்கூடாத இடங்கள் சில: ஆறு ஏரியில் கலக்கும் வாய், பாலத்துக்கு அடி, இரண்டு தீவுகளுக்கு நடுவே குறுகும் நீர், நாணல் கூட்டம், படகுத்துறைக் கம்பங்களைச் சுற்றி. ஔலு ஆற்றை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. நகருக்குள்ளேயே மெரிகோஸ்கி நீர்மின் நிலையம் இருக்கிறது, தண்ணீர் ஓட்டம் ஏறி இறங்கும். கடல் வேறு விதம். பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே உள்ள பொத்னியா வளைகுடாவின் இந்தக் கோடியில் உப்பு மிகக் குறைவு, அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்துவிடும். நல்லிகாரி கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஊரே கடல்மேல் நடந்துகொண்டிருக்கும். ஆனால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்காக ஐஸை உடைத்து ஒரு தடத்தைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஆட்கள் போகிற தூரத்துக்குத்தான் நாமும் போக வேண்டும்.

சைக்கிளுக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. நடப்பவர் கோலால் தட்டித் தட்டிப் போவார், காலடியில் ஐஸின் நிறம் மாறுவது தெரியும். சைக்கிளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு அது தெரிவதற்குள் அந்த இடத்தின் நடுவில் இருப்பான். அதனால் ஐஸ் தடிமன் தெரியாத ஏரியில் சைக்கிள் ஓட்டுவது நடப்பதைவிடக் கூடுதல் ஆபத்து என்பது என் கணிப்பு.

தெரிந்த ஏரியாக இருந்தாலும் ஆளுக்கொரு ஜோடி நாஸ்காலித் கழுத்தில் தொங்க வேண்டும். கைப்பிடி வைத்த இரண்டு கூர் ஆணிகள் அவை. தண்ணீரில் விழுந்தால் வந்த திசைக்கே திரும்பி, அவற்றை ஐஸில் குத்தி இழுத்து ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே விலகிப்போக வேண்டும். ஒரு கயிறு, தண்ணீர் புகாத பையில் மாற்றுத்துணி, போன். அவசர எண் 112.

இதெல்லாம் சொன்னபின் ஏரியே வேண்டாமா என்றால், ஒரு அரைநாள் வேண்டும். நகராட்சியே தடிமன் அளந்து, வழித்து, திறந்திருக்கிறது என்று போர்டு வைத்த பாதையில் மட்டும். ஸ்வீடன் பக்கம் லூலியோவில் அப்படி ஒன்று இருக்கிறது, இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். ஊரைச் சுற்றி உறைந்த கடல்மேல் பாதை போட்டிருப்பார்கள். நடப்பவர், சறுக்குபவர், குழந்தை வண்டி தள்ளுபவர் எல்லாரும் அதில்தான் போவார்கள் என்பதால் சைக்கிளை நிதானமாக, போர்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். "ஏரி இல்லையே, கடல்தானே" என்று மருமகன் சொல்வானோ என்னவோ, எனக்குத் தெரிந்து 11 வயதுப் பையனுக்குக் கடல்மேல் ஓட்டினேன் என்பது இன்னும் பெரிய பெருமை.

எந்த வண்டி

மாப்பிள்ளையின் மனதில் இருப்பது ஃபேட் பைக், அதாவது நாலு அங்குல அகல டயர் போட்ட தடியன். அலாஸ்காவில் 1980-களின் பனிப் பந்தயங்களிலிருந்து வளர்ந்த வண்டி. 2005-இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற மாடலைக் கொண்டுவந்தபின் கடைகளுக்கும் வந்தது. காற்றை வெறும் 5 முதல் 8 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி ஓட்டினால் ஒட்டகக் குளம்பு மணலில் பரவுவதுபோல் டயர் பனிமேல் பரவும். காட்டுத்தடத்துக்கு அருமையான வண்டி. லாப்லாந்தின் தேசியப் பூங்காக்களில் இதற்கென்றே குளிர்காலப் பாதைகள் உண்டு, வாடகைக்கும் கிடைக்கும்.

ஆனால் டயர் தடித்தால் வழுக்காது என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. அது தப்பு. வெற்று ஐஸில் ஆணி இல்லாத ஃபேட் பைக்கும் என் பழைய லேடீஸ் சைக்கிளும் ஒரே மாதிரிதான் விழும். அகலம் மென்பனிக்கு, ஆணி ஐஸுக்கு. நம் குடும்பம் ஓட்டப்போவது வழித்த தெருவிலும் வழித்த ஐஸிலும். இரண்டிலுமே தேவைப்படுவது ஆணி டயர்தான்.

அதனால் என் பக்கம் சாதாரண சைக்கிள், ஆணி டயர். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த நூற்றுக்கணக்கான குட்டி ஆணிகள் ரப்பரில் பதித்திருக்கும், ஓடும்போது வறுகடலை பொரிவதுபோல் சத்தம் வரும். ஒரு டயர் சுமாராக 50, 60 யூரோ. மருமகனின் 24 அங்குலச் சக்கரத்துக்கும் கிடைக்கிறது. புது டயரை மாட்டியவுடனே ஐஸில் இறங்கக்கூடாது, முதல் 40, 50 கிலோமீட்டர் தார்ச்சாலையில் திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டினால்தான் ஆணிகள் நன்றாகப் பதியும். அதை நான் முன்கூட்டியே ஓட்டிவைத்துவிடுவேன். கையில் ஒரே ஒரு ஆணி டயர்தான் இருக்கிறது என்றால் முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் தரைதான்.

மாப்பிள்ளை எலக்ட்ரிக் சைக்கிளைப் பற்றியும் கேட்டார். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது, ஒவ்வொரு தடவையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அவர் வண்டியை விமானத்தில் கொண்டுவரும் யோசனை வேறு. அந்தச் செலவுக்கு இங்கே இரண்டு பழைய சைக்கிள் வாங்கி, போகும்போது என் கொட்டகையில் விட்டுப்போகலாம். கியர் குறைந்த, மிதிபிரேக் (மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிப்பது) வைத்த பழைய வண்டியே குளிருக்கு உத்தமம், உறைந்துபோக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சீட்டை மட்டும் இரண்டு விரற்கடை இறக்கிவைக்க வேண்டும், கால் சட்டென்று தரையைத் தொட.

சின்னவள்

பின்னால் கோக்கும் டிரெய்லரில் உட்காரவைத்துப் போகலாம் என்பது தங்கையின் திட்டம். ஐந்தோவனில் அப்படித்தான் போகிறார்கள். பிரச்சினை இதுதான்: மிதிப்பவருக்கு வியர்க்கும், உட்கார்ந்திருப்பவருக்கு விறைக்கும். மைனஸ் 10-இல் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்று படும் தோலுக்கு அது மைனஸ் 17 மாதிரி. மூடிய டிரெய்லர், ஆட்டுத்தோல் விரிப்பு, பஞ்சு மெத்தைப் பை எல்லாம் இருந்தாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கழுத்துக்குள் விரலை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே வீட்டுக்கு.

நான் சொல்வது பொத்குகெல்க்கா. உதைசறுக்கி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நீளமான எஃகுச் சட்டங்களின்மேல் ஒரு நாற்காலி. குழந்தை முன்னால் உட்காரும், பெரியவர் பின்னால் ஒரு சட்டத்தில் நின்று மறுகாலால் உதைத்துக்கொண்டே போவார். பாட்டிகள் காய்கறி வாங்கப் போவதும் இதில்தான். இறுகிய பனியிலும் ஐஸிலும் சைக்கிளுக்குச் சளைக்காமல் ஓடும், சரளைக்கல் கொட்டிய இடத்தில் மட்டும் கிரீச்சென்று நின்றுவிடும். அவளுக்கு அலுத்தால் இறங்கி ஓடலாம், ஓடினால் சூடு வந்துவிடும், மறுபடி ஏறிக்கொள்ளலாம். டிரெய்லரில் இந்த ஏறி இறங்கும் விளையாட்டு நடக்காது.

ஆக, தங்கைக்கு எழுதியது இது: பிப்ரவரி லீவில் வாருங்கள். ஐந்து நாள் தெரு, ஒரு அரைநாள் லூலியோ ஐஸ், காற்று பலமாக இருந்தால் அதுவும் கிடையாது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பெரியவனுக்கும் ஆணி டயர் சைக்கிள், சின்னவளுக்கு உதைசறுக்கி, அதைத் தள்ளுவது நான். மாப்பிள்ளைக்கு ஆசை தீரவில்லை என்றால் ஒருநாள் அவர் மட்டும் ஃபேட் பைக் வாடகைக்கு எடுத்துக் காட்டுக்குள் போய்வரட்டும்.

டிக்கெட் போட்டுவிட்டார்கள். நேற்று மறுபடி போன் வந்தது. ஷூ எந்த அளவில் வாங்குவது என்றாள். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை மாட்டியபின்னும் உள்ளே விரல் அசைய வேண்டும், அதனால் எல்லாருக்கும் ஒரு அளவு பெரிதாக என்றேன். கையுறை ஐந்து விரல் வைத்தது வேண்டாம், விரலெல்லாம் ஒன்றாக இருக்கும் பை மாதிரிதான் வேண்டும், குழந்தைகளுக்குத் தலைக்கு மூன்று ஜோடி. "மூணு எதுக்கு அண்ணா?" ஒன்று நனையும், ஒன்று தொலையும் என்றேன்.